பாதுகாப்புத் துறைப் பங்குகள்: புதிதாக வருபவர் எதை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நடந்த வாரத்தில், ஆகாஷ் ஏவுகணையும் ஆகாஷ்தீர் என்ற வான் பாதுகாப்புக் கட்டமைப்பும் டீக்கடைப் பேச்சு வரை வந்துவிட்டன. கூடவே ஒரு கேள்வியும் வந்தது: "இதைச் செய்கிற கம்பெனி எது? இப்போது பங்கு வாங்கலாமா?" கேட்டவர்களில் சிலருக்குப் பங்கு வாங்கி வைக்கத் தேவையான டீமேட் கணக்கே கிடையாது.

ஆகாஷ்தீரைச் செய்தது பாரத் எலக்ட்ரானிக்ஸ். அதற்கான 1,982 கோடி ரூபாய் ஒப்பந்தத்தில் பாதுகாப்பு அமைச்சகம் கையெழுத்திட்டது 2023 மார்ச் மாதத்தில். தொலைக்காட்சியில் நாம் பார்த்து வியந்த பொருளின் வியாபாரம் இரண்டு வருடங்களுக்கு முன்பே பேசி முடிக்கப்பட்ட ஒன்று. அந்தத் தகவலும் அப்போதே பொதுவெளியில், காசில்லாமல் கிடைத்தது. இந்தத் துறையில் செய்தி வருகிற நேரம் வேறு, கம்பெனிக்குப் பணம் வருகிற நேரம் வேறு. இரண்டுக்கும் நடுவில் எத்தனை வருடம் கிடக்கிறது என்று கணக்குப் போடத் தெரிந்தவர் பிழைத்துக்கொள்வார். அந்தக் கணக்கைப் போடும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். நிறுவனப் பெயர்கள் எல்லாம் உதாரணத்துக்கு மட்டுமே. எதையும் வாங்கச் சொல்லவில்லை, விற்கவும் சொல்லவில்லை.

படி 1: வாங்குபவர் யார் என்று பாருங்கள்

சோப்புக் கம்பெனிக்குக் கோடி வாடிக்கையாளர்கள். ஏவுகணைக் கம்பெனிக்கு ஒரே வாடிக்கையாளர், இந்திய அரசு. பொருள் எப்படி இருக்க வேண்டும், எத்தனை வேண்டும், எப்போது வேண்டும், என்ன விலை, பணம் எப்போது என்று எல்லாவற்றையும் அந்த ஒருவரே முடிவு செய்கிறார்.

2025-26 மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு ஒதுக்கப்பட்டது 6.81 லட்சம் கோடி ரூபாய். தலைப்புச் செய்தியாக வருவது இந்த எண்தான். முதலீட்டாளருக்கு இது அவ்வளவாகப் பயன்படாது. பெரும்பகுதி சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் அன்றாடச் செலவுக்கும் போய்விடுகிறது. நாம் பார்க்க வேண்டியது தளவாடங்கள் போன்றவற்றை வாங்குவதற்கான மூலதனச் செலவு. அது 1.80 லட்சம் கோடி. அதிலும் நவீனமயமாக்கலுக்கான தொகையில் 75 சதவீதம், சுமார் 1.11 லட்சம் கோடி, உள்நாட்டுக் கொள்முதலுக்கு என்று ஒதுக்கப்பட்டது. ஒவ்வொரு பிப்ரவரியிலும் இந்த இரண்டு எண்களை மட்டும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். சந்தையில் புழங்கும் பல பெரிய கனவுகள் இதற்குள்தான் அடங்கியாக வேண்டும்.

ஏற்றுமதி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, வளர்ந்தும் வருகிறது. 2024-25-ல் 23,622 கோடி. அதே ஆண்டின் மொத்தப் பாதுகாப்பு உற்பத்தி சுமார் 1.5 லட்சம் கோடி. ஆக, இன்னும் பல வருடங்களுக்கு டெல்லியின் கையெழுத்தை நம்பித்தான் இந்தத் தொழில் ஓடும்.

படி 2: அறிவிப்பு வேறு, ஒப்பந்தம் வேறு

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாலை நேரத்தில் ஒரு செய்தி வரும்: "50,000 கோடி ரூபாய் ராணுவத் தளவாடங்களுக்கு ஒப்புதல்." மறுநாள் காலையில் பத்துப் பங்குகள் ஏறும். அந்த ஒப்புதலைத் தருவது பாதுகாப்பு அமைச்சர் தலைமையில் கூடும் பாதுகாப்புக் கொள்முதல் கவுன்சில். அது தருவது 'இந்தப் பொருள் நமக்குத் தேவைதான்' என்ற ஏற்பு மட்டுமே. பொதுவாக எந்தக் கம்பெனி, என்ன விலை என்பதெல்லாம் அப்போது முடிவாவதில்லை. பிறகு டெண்டர் விட வேண்டும். வந்த விண்ணப்பங்களைத் தொழில்நுட்ப ரீதியாக அலச வேண்டும். பொருளை ராஜஸ்தான் வெயிலிலும் லடாக் குளிரிலும் வைத்துப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனைக்குக் கம்பெனியே தன் செலவில் பொருளைக் கொண்டுபோக வேண்டும். தேறாவிட்டால் அரசுக்கு எந்தக் கடமையும் இல்லை. தேறியவர்களில் குறைந்த விலை சொன்னவரோடு பேரம். பெரிய தொகையாக இருந்தால் பிரதமர் தலைமையிலான பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழுவின் ஒப்புதல். அதன் பிறகுதான் ஒப்பந்தம்.

இதற்கு எவ்வளவு காலம் ஆகும்? அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் நவீன இழுவைப் பீரங்கித் திட்டம் தொடங்கியது 2013-ல். 307 பீரங்கிகளுக்கு பாரத் ஃபோர்ஜ், டாடா அட்வான்ஸ்டு சிஸ்டம்ஸ் இரண்டோடும் ஒப்பந்தம் கையெழுத்தானது 2025 மார்ச்சில். ஆறு நீர்மூழ்கிக் கப்பல்களுக்கான '75-ஐ' திட்டத்துக்கு 2021 ஜூலையில் டெண்டர் விட்டார்கள். மும்பை மசகான் டாக்குடன் பேச்சுவார்த்தை தொடங்கியதே 2025 செப்டம்பரில்தான்.

விதிவிலக்கு ஒன்று உண்டு: அவசரக் கொள்முதல். எல்லையில் பதற்றம் வரும்போது ராணுவம் குறுக்குவழியில், சிறு சிறு ஒப்பந்தங்களாக, விரைவாக வாங்கிக்கொள்ளும். 2025 ஜூனில் அப்படி 13 ஒப்பந்தங்கள், மொத்தம் 1,981.90 கோடி ரூபாய்க்கு முடிவாயின. ட்ரோன், ட்ரோன் தடுப்புக் கருவி செய்பவர்களுக்கு இந்த வழியாக வரும் ஆர்டர்கள் முக்கியம். ஆனால் இவை ஒரு வருடம் கொட்டும், அடுத்த வருடம் வறண்டுவிடும்.

ஆகவே எந்தச் செய்தியைப் படித்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இது தேவை ஏற்பா, டெண்டரா, குறைந்த விலை என்ற அறிவிப்பா, கையெழுத்தான ஒப்பந்தமா? செய்தியில் அது தெளிவாக இல்லையென்றால், தெரிகிறவரை பணம் போடாதீர்கள்.

படி 3: பங்குச் சந்தைப் பட்டியலில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை

டிஆர்டிஓ ஓர் அரசு ஆராய்ச்சி அமைப்பு. அதற்குப் பங்கு கிடையாது. பிரமோஸ் இந்திய ரஷ்யக் கூட்டு நிறுவனம்; பட்டியலில் இல்லை. டாடா அட்வான்ஸ்டு சிஸ்டம்ஸும் இல்லை. ஆவடியில் டாங்கிகள் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை, 2021 அக்டோபரில் ஆயுதத் தொழிற்சாலை வாரியம் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது அவற்றில் ஒன்றின் கீழ் போனது. அந்த நிறுவனமும் சந்தைக்கு வரவில்லை. "ஆவடி பங்கு கிடைக்கும்" என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள்.

பட்டியலில் இருப்பவற்றை மூன்று அடுக்குகளாகப் பார்க்கலாம். மேல் அடுக்கில் அரசு நிறுவனங்கள்: போர் விமானத்துக்கு ஹெச்ஏஎல் (ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்), ரேடாருக்கும் மின்னணுச் சாதனங்களுக்கும் பாரத் எலக்ட்ரானிக்ஸ், ஏவுகணைக்கு பாரத் டைனமிக்ஸ், கப்பலுக்கு மசகான் டாக், கார்டன் ரீச், கொச்சி ஷிப்யார்டு. (திருச்சிக்காரர்கள் கவனிக்க: நீங்கள் 'பெல்' என்று சொல்லும் பாரத் ஹெவி எலக்ட்ரிக்கல்ஸும் பாரத் எலக்ட்ரானிக்ஸும் வேறு வேறு கம்பெனிகள். செயலியில் அவசரமாகத் தேடி மாற்றி வாங்கிவிடாதீர்கள்.)

இரண்டாம் அடுக்கில், மேலே உள்ளவர்களுக்கும் டிஆர்டிஓவுக்கும் உட்பாகங்களும் துணைக் கருவிகளும் செய்து கொடுக்கும் தனியார் நிறுவனங்கள். சென்னை சிறுசேரியில் இருக்கும் டேட்டா பேட்டர்ன்ஸ், ஹைதராபாத்தின் அஸ்ட்ரா மைக்ரோவேவ், எம்டிஏஆர் போன்றவை. இந்த அடுக்கில் தொழில்நுட்ப ஆழமும் உண்டு, பணத் தட்டுப்பாடும் உண்டு. பின்னால் அதற்கு வருகிறேன்.

மூன்றாவது, வேறு தொழிலில் பெரியவர்களாக இருந்துகொண்டு இதிலும் கை வைத்திருப்பவர்கள். பாரத் ஃபோர்ஜுக்குப் பீரங்கி ஆர்டர் கிடைத்தது உண்மை. ஆனால் அதன் பிழைப்பு வாகன உதிரிபாகங்களில்தான். நாக்பூரின் சோலார் இண்டஸ்ட்ரீஸ் சுரங்கங்களுக்கு வெடிபொருள் விற்று வளர்ந்த கம்பெனி. நாகாஸ்திரா என்ற தற்கொலை ட்ரோன் அதன் புது முகம். இப்படிப்பட்ட பங்கை வாங்கும்போது லாரி விற்பனையையும் நிலக்கரிச் சுரங்கத்தையும் சேர்த்தே வாங்குகிறீர்கள்.

குவாண்டம் தகவல்தொடர்பு, செயற்கை நுண்ணறிவு என்று அடுத்த தலைமுறைத் தொழில்நுட்பங்கள் பற்றியும் கேட்பார்கள். 2023-ல் மத்திய அரசு 6,003.65 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் இயக்கத்தை அறிவித்தது. ஆய்வகங்களுக்கு நல்ல செய்தி. ஆனால் ராணுவத்துக்குக் குவாண்டம் கருவி விற்பதையே முழுத் தொழிலாகக் கொண்ட கம்பெனியைப் பங்குச் சந்தையில் தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்பும். ஆண்டறிக்கையில் அந்தச் சொல்லைத் தூவிவைத்த கம்பெனிகள் வேண்டுமானால் நிறையக் கிடைக்கும்.

படி 4: சந்தைக்குத் தந்த கடிதத்தைப் படியுங்கள்

ஒரு கம்பெனி பெரிய ஆர்டர் பெற்றால் பங்குச் சந்தைக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் விதி. என்எஸ்இ, பிஎஸ்இ பங்குச் சந்தைகளின் இணையத் தளங்களில் கம்பெனி பெயரைத் தேடி, 'அறிவிப்புகள்' பகுதிக்குப் போனால் அந்தக் கடிதம் பிடிஎஃப்பாகக் கிடைக்கும். இரண்டு பக்கம்தான். அதில் ஒரு அட்டவணை இருக்கும்: ஆர்டர் தந்தவர் யார், உள்நாடா வெளிநாடா, என்ன பொருள், எத்தனை காலத்தில் முடிக்க வேண்டும், மதிப்பு எவ்வளவு, ஆர்டர் தந்தவரோடு கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் புரமோட்டர்களுக்குத் தொடர்பு உண்டா.

நான் முதலில் பார்ப்பது காலத்தை. 600 கோடி ஆர்டர் என்று தலைப்பு இருக்கும். அட்டவணையில் ஐந்து வருடம் என்றிருக்கும். அப்படியானால் வருடத்துக்கு 120 கோடி. கம்பெனியின் இப்போதைய ஆண்டு விற்பனை 1,000 கோடி என்றால் அது ஒன்றும் பெரிய சேதியில்லை. அடுத்து, ஆர்டர் தந்தவர் பெயர். "ஒரு உள்நாட்டு நிறுவனம்" என்று மட்டும் எழுதியிருந்தால், ரகசியம் காக்க வேண்டிய நியாயம் இந்தத் துறையில் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் சின்னக் கம்பெனி ஒன்று ஒவ்வொரு முறையும் அப்படியே எழுதினால் எனக்கு மூக்கில் வியர்க்கும்.

ரகசியம் என்றதும் இன்னொன்று. பாதுகாப்பு உற்பத்தி செய்யும் நிறுவனங்களுக்குப் பிரிவுவாரிக் கணக்கு காட்டுவதிலிருந்து அரசு விலக்கு தந்திருக்கிறது. எந்தப் பொருளில் எவ்வளவு லாபம் என்று ஹெச்ஏஎல் ஆண்டறிக்கையில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

படி 5: ஆர்டர் கையில் இருந்தால் போதாது

2025 மார்ச் முடிவில் ஹெச்ஏஎல்லின் கையிருப்பு ஆர்டர் சுமார் 1.89 லட்சம் கோடி ரூபாய். அந்த ஆண்டின் வருவாய் சுமார் 31,000 கோடி. அதாவது ஆறு வருட வேலை கையில் இருக்கிறது. கேட்பதற்கு இனிக்கும்.

இப்போது தேஜஸ் மார்க்-1ஏ கதையைப் பாருங்கள். 83 விமானங்களுக்கு 2021 பிப்ரவரியில், ஏறத்தாழ 48,000 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம். முதல் விமானம் 2024 மார்ச்சுக்குள் விமானப் படைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அமெரிக்காவின் ஜிஇ நிறுவனம் தர வேண்டிய இன்ஜின் வரவில்லை என்பது முக்கியக் காரணம். ஒப்பந்தத்தின் முதல் இன்ஜின் வந்து சேர்ந்ததே 2025 மார்ச்சில். இடையில் ஆர்டர் ஒன்றும் ரத்தாகவில்லை. 2025 செப்டம்பரில் இன்னும் 97 விமானங்களுக்கு 62,370 கோடியில் புது ஒப்பந்தமும் கிடைத்தது. ஆர்டர் கூடிக்கொண்டே போக, ஒப்படைப்பு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

இதிலிருந்து இரண்டு கேள்விகள். ஒன்று, இந்தப் பொருளுக்குள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய, வேறு யாரிடமும் கிடைக்காத பாகம் எது? இன்ஜின், ஏவுகணை இலக்கைத் தேட உதவும் சீக்கர், சிப், கேமரா என்று ஏதாவது ஒன்று அநேகமாக இருக்கும். இரண்டு, அது எந்த நாட்டிலிருந்து வருகிறது? 2025 தொடக்கத்தில், ராணுவத்துக்கு 400 சரக்கு ட்ரோன்கள் வாங்கும் ஒப்பந்தங்கள், 230 கோடிக்கு மேல் மதிப்புள்ளவை, சீனப் பாகங்கள் இருந்த காரணத்தால் ரத்தாயின. 2020-ம் ஆண்டுக் கொள்முதல் நடைமுறையில், உள்நாட்டிலேயே வடிவமைத்த பொருள் என்ற முதல் வரிசைச் சலுகை வேண்டுமானால் குறைந்தது 50 சதவீதம் உள்நாட்டு உள்ளடக்கம் இருக்க வேண்டும். காலாண்டு முடிவுக்குப் பிறகு நிர்வாகம் ஆய்வாளர்களோடு நடத்தும் தொலைபேசிக் கூட்டத்தின் எழுத்துப் பிரதியும் சந்தைத் தளத்திலேயே கிடைக்கும். உதிரிபாகம் பற்றிய கேள்விக்குத் தலைவர் நேராகப் பதில் சொல்கிறாரா, சுற்றி வளைக்கிறாரா என்று அதில் பாருங்கள்.

படி 6: வரவேண்டிய பாக்கி

இரண்டாம் அடுக்குக் கம்பெனிகளுக்கு இதுதான் உயிர்நாடி. ஆண்டறிக்கையில் இருப்புநிலைக் குறிப்பைத் திறந்து 'வர்த்தக வரவினங்கள்' என்ற வரியைத் தேடுங்கள். பொருள் கொடுத்தாயிற்று, பணம் இன்னும் வரவில்லை என்ற தொகை அது. ஒரு கம்பெனியின் ஆண்டு விற்பனை 400 கோடி, வரவேண்டியது 300 கோடி என்று வைத்துக்கொள்வோம். 300-ஐ 400-ஆல் வகுத்து 365-ஆல் பெருக்கினால் 274 நாள். விற்ற பொருளுக்குப் பணம் வர ஒன்பது மாதம். அதுவரை சம்பளத்துக்கும் மூலப்பொருளுக்கும் கம்பெனி எங்கிருந்து எடுக்கும்? வங்கிக் கடன், இல்லையென்றால் புதுப் பங்கு வெளியிட்டு உங்களிடமிருந்து.

லாபம் காட்டுகிறார்களே என்று ஆறுதல் அடையாதீர்கள். அதே அறிக்கையில் பணப்புழக்க அறிக்கை என்று ஒரு பக்கம் உண்டு. அதில் 'செயல்பாடுகளிலிருந்து வந்த பணம்' என்ற எண்ணை ஐந்து வருடங்களுக்கு எழுதிக் கூட்டுங்கள். நிகர லாபத்தையும் அதே ஐந்து வருடங்களுக்குக் கூட்டுங்கள். லாபம் 500 கோடி, வந்த பணம் 80 கோடி என்றால், அந்த லாபத்தின் பெரும்பகுதி இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. ஒற்றை வருடத்தை மட்டும் பார்க்கக் கூடாது; மார்ச் 31 அன்று கொடுத்த சரக்குக்கு ஏப்ரலில் பணம் வந்தால் கணக்கு தலைகீழாகத் தெரியும்.

அதே மார்ச் காரணமாக இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. அரசின் நிதியாண்டு முடிகிற நேரம் என்பதால் ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டில் இந்தக் கம்பெனிகளின் விற்பனை குவியும். அடுத்த காலாண்டில் பாதியாகும். அதைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், மார்ச் காலாண்டைப் பார்த்துத் துள்ளவும் வேண்டாம். போன வருடத்தின் அதே காலாண்டோடு ஒப்பிடுங்கள்.

படி 7: நல்ல கம்பெனியும் தப்பான விலையும்

ஐஐடி பம்பாய் முன்னாள் மாணவர்கள் தொடங்கிய ஐடியாஃபோர்ஜ், ராணுவத்துக்கு ட்ரோன் விற்று நிரூபித்த கம்பெனி. 2023 ஜூன் இறுதியில் 672 ரூபாய்க்கு ஐபிஓ (முதல் பொதுப் பங்கு வெளியீடு). நூறு மடங்குக்கு மேல் விண்ணப்பங்கள் குவிந்தன. பட்டியலிட்ட அன்று 1,300 ரூபாய். 2023-24-ல் சுமார் 45 கோடி லாபம். அடுத்த ஆண்டு ஆர்டர்கள் தாமதமாகி வருவாய் ஏறக்குறைய பாதியானது. சுமார் 62 கோடி நஷ்டம். 2025 ஏப்ரலில் பங்கு ஐபிஓ விலையில் பாதியளவுக்கு இறங்கியிருந்தது. கம்பெனியின் ட்ரோன் பறக்காமல் போய்விடவில்லை. ஒரே வாடிக்கையாளர் ஒரு வருடம் வாங்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பது அந்த 1,300 ரூபாயில் சேர்க்கப்படவில்லை, அவ்வளவுதான்.

அரசு நிறுவனங்களில் வேறு விதமான பள்ளம் இருக்கிறது. கொச்சி ஷிப்யார்டு 2024 ஜூலையில் 3,000 ரூபாயை நெருங்கியது. அக்டோபரில் அரசே தன் பங்குகளில் ஒரு பகுதியை விற்க வந்தது, அடிப்படை விலை 1,540. மசகான் டாக்கிலும் 2025 ஏப்ரலில் அரசு அப்படி விற்றது. பட்டியலிட்ட நிறுவனத்தில் பொதுமக்கள் கையில் 25 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே அரசின் பங்கு 75 சதவீதத்துக்கு மேல் இருக்கும் நிறுவனம் எதுவானாலும், என்றாவது ஒருநாள் தள்ளுபடி விலையில் சரக்கு சந்தைக்கு வரும் என்று எதிர்பார்த்திருங்கள். பங்குதாரர் விவரம் ஒவ்வொரு காலாண்டும் சந்தைத் தளத்தில் வெளியாகிறது.

படி 8: எந்த வழியாக நுழைவது

இத்தனையும் படிக்க நேரமில்லை என்பவர்களுக்கு மியூச்சுவல் ஃபண்ட் இருக்கிறது. 2023-ல் எச்டிஎஃப்சி இந்தத் துறைக்கென்றே ஒரு ஃபண்டைத் தொடங்கியது. 2024-ல், பாதுகாப்புத் துறைப் பங்குகளைக் கொண்ட நிஃப்டி இந்தியா டிஃபென்ஸ் குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஃபண்டுகள் வரத் தொடங்கின. ஃபண்ட் என்பதால் பாதுகாப்பு என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். அந்தக் குறியீடு 2024 ஜூலை உச்சத்திலிருந்து 2025 பிப்ரவரிக்குள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இறங்கியது. பல கம்பெனிகளாகப் பிரித்தாலும் வாடிக்கையாளர் ஒருவர்தானே. எஸ்ஐபி முறையில் மாதாமாதம் போடுவது இதற்குப் பொருந்தும். மொத்தப் பங்கு முதலீட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இந்தத் துறைக்குக் கொடுக்காதீர்கள் என்பது என் கருத்து; வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருப்பவர் அதையும் பாதியாக்கலாம்.

ஸ்டார்ட்அப் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. 2018 ஏப்ரலில் சென்னைக்கு அருகே திருவிடந்தையில் நடந்த ராணுவக் கண்காட்சியில் ஐடெக்ஸ் திட்டம் தொடங்கப்பட்டது. படைகள் ஒரு பிரச்சினையைச் சொல்லும். தீர்வு காணும் சிறு நிறுவனத்துக்கு 1.5 கோடி வரை மானியம். பிறகு வந்த பிரைம் பிரிவில் 10 கோடி, அதிதி திட்டத்தில் 25 கோடி வரை. 'ஐடெக்ஸ் வெற்றியாளர்' என்ற பட்டத்துக்கு அர்த்தம், மாதிரியைச் செய்யப் பணம் கிடைத்தது என்பதே. கொள்முதல் ஆர்டர் தனியாக வர வேண்டும். அப்படிப்பட்ட நிறுவனங்களின் பட்டியலிடாத பங்குகளை இணையத் தளங்களில் விற்கிறார்கள். அங்கீகாரமில்லாத அந்தத் தளங்களில் வாங்க வேண்டாம் என்று 2024 டிசம்பரில் செபி எச்சரித்தது. முறையான வழி, பெரிய முதலீட்டாளர்களின் பணத்தைத் திரட்டிப் போடும் மாற்று முதலீட்டு நிதியம். அதில் பொதுவான நுழைவுத் தொகை 1 கோடி ரூபாய். நம்மில் பலருக்கு அதோடு பேச்சு முடிந்துவிடும்.

பட்டறை வைத்திருப்பவர்களுக்கு வேறொரு கதவு திறந்திருக்கிறது. சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஐந்தையும் இணைத்துத் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019-ல் தொடங்கப்பட்டது. கோவையில் சிறுதொழில் சங்கமான கொடிசியாவின் பாதுகாப்புத் துறை ஊக்குவிப்பு மையம் இயங்குகிறது. சிஎன்சி இயந்திரமும் தரச்சான்றும் கையில் இருந்தால், பங்கு வாங்குவதைவிட அந்த மையத்தில் போய் எந்தப் பாகத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்று விசாரிப்பது மேல்.

படி 9: வாங்கிய பிறகு

வாங்கும் அன்றே ஒரு தாளில் நான்கு வரி எழுதி வையுங்கள்: எந்தப் பொருளை நம்பி வாங்கினேன், அது கொள்முதல் பாதையில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எப்போது ஒப்படைப்பு, வரவேண்டிய பாக்கி எத்தனை நாள். காலாண்டு முடிவு வரும்போது அந்தத் தாளை எடுத்துச் சரிபாருங்கள். ஒப்படைப்பு ஒருமுறை தள்ளிப்போனால் காரணத்தைப் படியுங்கள். இரண்டாம் முறையும் தள்ளிப்போய், பாக்கி நாட்களும் ஏறியிருந்தால், விலை என்னவாக இருந்தாலும் விற்பதைப் பற்றி யோசியுங்கள். போர்ச் செய்தியால் விலை தாவும் நாட்களில் அந்தத் தாளில் எதுவும் மாறியிருக்காது. அன்று புதிதாக வாங்கவும் வேண்டாம்.

வரி: 2024 ஜூலை 23 முதல் நடைமுறையில் உள்ளபடி, பட்டியலிட்ட பங்கை ஒரு வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம். ஒரு வருடம் தாண்டி விற்றால், ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீதம். டெலிகிராம் குழுவில் 'ராணுவத்தில் ஆள் இருக்கிறது, ஆர்டர் வரப்போகிறது' என்று யாராவது சொன்னால், அந்த ஆள் செபியில் பதிவு செய்த ஆலோசகரா என்று செபி தளத்தில் தேடிப் பாருங்கள். பதிவு இல்லையென்றால் குழுவை விட்டு வெளியேறுங்கள். ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்திருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும்.